படுக்கைத் துணி இறக்குமதியில் எச்.எஸ். கோடு எங்கே இடிக்கிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பெட்ஷீட், போர்வை, தலையணை உறை, ரஜாய் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை), மெத்தை உறை எல்லாம் ஒரே கன்டெய்னரில் வரும், ஒரே கடையில் விற்கும். ஒவ்வொரு சரக்கு வகைக்கும் எச்.எஸ். கோடு என்ற பன்னாட்டு எண்ணைக் கொடுக்கும் தீர்வைப் பட்டியலில் மட்டும் அவை ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. அந்த எண்ணில் முதல் நான்கு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் உட்தலைப்பு. 6301 முதல் 6304 வரை நான்கு தலைப்புகள் ஜவுளிப் பொருள்களுக்கான 63-ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. 9404 மட்டும் தள்ளிப்போய், நாற்காலி, கட்டிலோடு 94-ஆம் அத்தியாயத்தில் உட்கார்ந்திருக்கிறது. கோடு தவறினால் வித்தியாசத் தீர்வை, வட்டி, அபராதம், அதற்குள் துறைமுகத்தில் ஏறும் வாடகை என்று எல்லாம் சேர்ந்து வரும்.

பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. லேபிளைப் பார்த்ததும் "என்ன இழை? காட்டனா, பாலியஸ்டரா?" என்று முதலில் கேட்டுவிடுகிறோம். பட்டியலோ அந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறது. உள்ளே ஏதாவது திணித்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. பிறகு அது முடிந்த பொருளா, வெறும் துணியா என்று பார்க்க வேண்டும். அப்புறம் படுக்கையில் அதற்கு என்ன வேலை, பின்னலா நெசவா, அச்சடித்ததா என்று வரிசையாகப் போய், இழைக்குக் கடைசியில் வர வேண்டும். கீழே உள்ள அறிகுறிகளில் முக்கால்வாசி, இந்த வரிசை கலைந்ததால் வருபவை.

அறிகுறி: 6301 என்று போட்ட போர்வை 9404 என்று திரும்பி வருகிறது

9404 தலைப்பின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் பாதிச் சிக்கல் தீரும். ஸ்பிரிங் வைத்தவை, எந்தப் பொருளாவது திணித்தவை, உள்ளே எதையாவது பொருத்தியவை, நுரை ரப்பராலோ நுரை பிளாஸ்டிக்காலோ ஆனவை: இப்படிப்பட்ட படுக்கைப் பொருள்கள் அத்தனையும் அங்கே போகும், மேலே துணி உறை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜவுளிப் பிரிவான 11-ஆம் பிரிவின் முதல் குறிப்பே 94-ஆம் அத்தியாயப் பொருள்களைத் தன் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே உள்ளே பஞ்சு இருப்பது உறுதியானால் 63-ஆம் அத்தியாயத்தைப் புரட்ட வேண்டியதே இல்லை. வெளித்துணி நூறு சதவீதம் காட்டன் என்பது ஆறு இலக்க அளவில் ஒரு வாதமே அல்ல.

சோதனை எளிது. விளிம்பை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேல்துணியும் அடித்துணியும் தனித்தனியாக நகர்ந்து, நடுவில் மெத்தென்று ஒன்று தட்டுப்பட்டால் அது மூன்றடுக்குப் பொருள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு மாதிரியின் ஓரத்தையலை நாலு விரல் அகலத்துக்குப் பிரியுங்கள். பாலியஸ்டர் வேடிங், பருத்திப் பஞ்சு, வாத்து இறகு, எது எட்டிப் பார்த்தாலும் 9404. கண்ணாடி மணிகள் நிரப்பிய கனப் போர்வையும் இந்த வாசகத்துக்குள்தான் அடங்கும். "எந்தப் பொருளாவது" என்று தலைப்பு சொல்லும்போது அது பஞ்சோடு நிற்பதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. மேலே கட்டம் கட்டமாகப் புடைத்துத் தெரிவதால் மட்டும் ஒன்று க்வில்ட், அதாவது உள்ளே திணிப்பு வைத்துத் தைத்த போர்வை, ஆகிவிடாது. நெசவிலேயே அந்தப் புடைப்பை உண்டாக்கிய மட்லாசே வகை விரிப்புகள் வருகின்றன. பிரித்துப் பார்த்தால் உள்ளே திணிப்பு என்று தனியாக எதுவும் இருக்காது. அது படுக்கையின் மேல்விரிப்பு, 6304.19. சப்ளையர் 'க்வில்ட்' என்று எழுதியிருக்கிறாரே என்று 9404-இல் போட்டால் அங்கிருந்தும் திரும்பி வரும்.

டூவே உறையும் இப்படித்தான் மாட்டும். டூவே என்பது பஞ்சோ இறகோ திணித்த தடித்த போர்வை, அது 9404. அதன் மேல் மாட்டும், கழற்றித் துவைக்கும் உறை, காலியாகத் தனியே வந்தால் 6302.

மின்சாரப் போர்வைக்கும் இதே கேள்விதான். கம்பி ஓடும் சாதாரண போர்வை 6301.10, எந்த இழையாக இருந்தாலும். பஞ்சு திணித்த க்வில்ட்டுக்குள் கம்பி ஓடினால் அது 9404-ஐ விட்டு நகராது.

அறிகுறி: உள்ளே ஒன்றும் இல்லை, ஆனாலும் 6301-ஆ, 6302-ஆ, 6304-ஆ என்று இழுபறி

இங்கே பார்க்க வேண்டியது வேலையை. குளிருக்குப் போர்த்துவதா, உடம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் விரிப்பதா, படுக்கையை மேலே மூடி அழகு காட்டுவதா?

குளிருக்குப் போர்த்துவது 6301. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் இதைக் கனமான, தடித்த, பெரும்பாலும் மேற்பரப்பில் ரோமம் எழுப்பிய துணியாக வர்ணிக்கின்றன. பாலியஸ்டர் ஃப்ளீஸ் த்ரோ (சோபாவில் போட்டுப் போர்த்திக்கொள்ளும் சின்னப் போர்வை), கம்பளி, தொட்டில் போர்வை, தள்ளுவண்டிக் குழந்தைக்கான சின்னப் போர்வை எல்லாம் இங்கே. குதிரைக்குப் போர்த்த உருவம் வெட்டித் தைத்தது மட்டும் 4201-க்குப் போய்விடும்.

விரிப்பதும் உறையாக மாட்டுவதும் 6302. பெட்ஷீட், எலாஸ்டிக் வைத்த ஷீட், தலையணை உறை, டூவே உறை, திணிப்பில்லாத மெத்தை உறை. எலாஸ்டிக், பட்டன், ஜிப் போன்ற துணைப் பொருள்கள் தலைப்பை மாற்றாது. பிரஷ் செய்த காட்டன் ஃபிளானல் ஷீட்டைத் தொட்டதும் 'போர்வை' என்று கை எழுதப் போகும். அளவும் தையலும் ஷீட்டுக்குரியவை, விற்பதும் ஷீட்டாகத்தான் என்றால் 6302-இல் நில்லுங்கள்.

அலங்காரத்துக்கு மூடுவது 6304. மேல்விரிப்பும் குஷன் உறையும் இங்கேதான். தலையணை உறை 6302, குஷன் உறை 6304 என்ற பிளவு பலரைக் கவிழ்த்திருக்கிறது. படுத்துத் தூங்கும் தலையணைக்கு மாட்டிக் கழற்றுவதா, சோபாவில் சாய்ந்திருப்பதா என்பதை அளவும் துணியும் ஜிப்பும் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். சதுர வடிவம், கெட்டியான துணி, எம்பிராய்டரி, பின்னால் ஜிப் என்றிருந்தால் குஷன் பக்கம் சாயும்.

கட்டிலைச் சுற்றித் தொங்கும் பாவாடை போன்ற மறைப்பு இந்த மூன்றிலும் இல்லை. 6303-இன் வாசகத்திலேயே படுக்கைத் தொங்கல்கள் இருக்கின்றன. திரைச்சீலையோடு அவற்றைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை, அதனால்தான் அடிக்கடி 6304-இல் போய் விழுகின்றன.

போர்வையா உடையா என்ற சண்டையும் நடந்திருக்கிறது. கை வைத்த ஃப்ளீஸ் போர்வையான ஸ்னக்கியை அமெரிக்கச் சுங்கம் பின்னலாடை என்று 6114-இல் வைத்தது, தீர்வை 14.9%. இறக்குமதியாளர் 6301.40 என்றார், அங்கே 8.5%. 2017-இல் அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம் அது போர்வைதான் என்று தீர்ப்பளித்தது. கை இருப்பதால் மட்டும் உடை ஆகிவிடாது, பொருளின் முதன்மையான வேலை என்ன என்று பார்க்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம். ஆனால் அது அந்த நாட்டுத் தீர்ப்பு. வேறு நாட்டுச் சுங்கத்தைக் கட்டாது, வாதத்துக்குத் துணை நிற்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: தலைப்பு சரி, இழை தவறு என்று லேப் அறிக்கை சொல்கிறது

அதிகம் பணம் போவது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் பெயர்கள். பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் ஆகியவை சிந்தெடிக் இழைகள். விஸ்கோஸ், மோடால், லயோசெல் ஆகியவை மரக்கூழ் போன்ற இயற்கைப் பொருளைக் கரைத்து மீண்டும் இழையாக்கியவை, பட்டியல் இவற்றை ஆர்ட்டிஃபிஷியல் என்கிறது. இரண்டும் சேர்ந்தது மேன்மேட். எந்தத் தலைப்பு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்று பார்க்காமல் போனால் கதை கந்தல். 6302-இன் உட்தலைப்புகள் 'மேன்மேட்' என்கின்றன. 6301.40 'சிந்தெடிக்' என்று மட்டும்தான் சொல்கிறது. அதனால் நெய்த விஸ்கோஸ் பெட்ஷீட், அச்சடிக்காததாக இருந்தால், 6302.32. அதே விஸ்கோஸில் செய்த போர்வை 6301.40 அல்ல, மிச்சம் மீதிக்கான 6301.90.

'100% மூங்கில்' லேபிளும் இந்தப் பொறிதான். சந்தையில் மூங்கில் ஷீட் என்று வருவதில் பெரும்பாலானவை மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ். தாவரத்திலிருந்து வந்ததுதானே என்று 6302.39-இல், அதாவது 'பிற இழை' என்ற கணக்கில் எழுதினால், லேப் அறிக்கை 6302.32 என்று திருப்பும். மூங்கில் தண்டிலிருந்து நேரடியாக நார் உரித்து நூற்றிருந்தால் கதை வேறு, ஆனால் அப்படி வருவது அபூர்வம். சப்ளையரிடம் "விஸ்கோஸா, உரித்த நாரா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கலப்பு. 11-ஆம் பிரிவின் 2-ஆவது குறிப்புப்படி, எடையில் எது மிஞ்சுகிறதோ அதுவாகவே முழுப் பொருளையும் கருத வேண்டும். நூல் எண்ணிக்கையோ விலையோ கணக்கில் வராது, எடைதான் பேசும். காட்டன் 60, பாலியஸ்டர் 40 என்றால் காட்டன். 50-50 என்றால்? ஒன்றை ஒன்று மிஞ்சவில்லை, அப்போது எண் வரிசையில் கடைசியாக வருவது வெல்லும். காட்டன் 52-ஆம் அத்தியாயம், மேன்மேட் இழைகள் 54, 55. ஆகவே 50-50 பெட்ஷீட் மேன்மேட் பக்கம் போகும். 'காட்டன் ரிச்' என்று அட்டையில் அச்சடித்திருப்பது இதை மாற்றாது.

மூன்று இழை கலந்தால் கணக்கு இன்னும் வினோதமாகும். ஒரு பெட்ஷீட்டில் காட்டன் 45, பாலியஸ்டர் 40, விஸ்கோஸ் 15 என்று வைத்துக்கொள்வோம். பார்த்ததும் காட்டன்தான் பெரிது என்று தோன்றும். ஆனால் 54-உம் 55-உம் வேறோர் அத்தியாயத்தோடு மோதும்போது ஒரே அத்தியாயமாகச் சேர்த்து எண்ணப்பட வேண்டும் என்பது விதி. 40-உம் 15-உம் சேர்ந்து 55, காட்டன் தோற்றது. இதே போர்வையாக இருந்தால் இன்னொரு படி உண்டு. முதலில் அத்தியாயக் கூட்டு ஜெயித்த பிறகு, அதற்குள் சிந்தெடிக்கா ஆர்ட்டிஃபிஷியலா என்று பார்க்க வேண்டும். 40-க்கு 15 என்பதால் சிந்தெடிக், 6301.40. பாலியஸ்டரும் விஸ்கோஸும் இடம் மாறியிருந்தால் 6301.90.

எதை எடை போடுவது என்பதிலும் ஒரு குறிப்பு உண்டு. அடித்துணியும் மேலே ரோமமோ வளையமோ உள்ள பரப்பும் சேர்ந்த துணியில், உட்தலைப்பைத் தீர்மானிக்க அடித்துணியைக் கணக்கில் எடுப்பதில்லை. டெர்ரி வகைப் போர்வை ஒன்றில் அடித்துணி பாலியஸ்டர், வளையங்கள் காட்டன் என்றால் அது காட்டன். லேப் மொத்தத் துணியையும் அரைத்து "பாலியஸ்டர் 55" என்று அறிக்கை கொடுத்தால், வளையப் பரப்பைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி தெரியாமல் தீர்வை கட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு.

லேபுக்கு அனுப்பும் முன் கையில் செய்யக்கூடிய சோதனை சுடர்ச் சோதனை. ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறினதும் கெட்டியான மணியாக நிற்கும். காட்டன் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். ஆனால் விஸ்கோஸும் காகித வாசனைதான், சாம்பல்தான். ஆகவே காட்டனா விஸ்கோஸா என்ற கேள்விக்கு நெருப்பு பதில் சொல்லாது. அதற்கு நூலை நனைத்து இழுத்துப் பாருங்கள், விஸ்கோஸ் ஈரத்தில் பலமிழந்து சட்டென்று அறும், காட்டன் தாங்கும். பாவு நூலையும் ஊடு நூலையும் தனித்தனியே சோதியுங்கள். ஒன்று பாலியஸ்டர், மற்றது காட்டன் என்று வருவது சகஜம். இது உங்களுக்கு ஒரு துப்பு மட்டுமே, சுங்கத்தில் காட்ட லேப் அறிக்கைதான் வேண்டும்.

52-48 போல விளிம்பில் நிற்கும் கலப்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆலையில் ஒரு நூல்தொகுதி கொஞ்சம் பிசகினாலே உட்தலைப்பு மாறிவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே 55-45 ஆக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், சரக்கு ஏற்றும் முன் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.

அறிகுறி: அச்சடித்ததா இல்லையா என்று கேள்வி

நெய்த பெட்ஷீட் அச்சடித்திருந்தால் 6302.21 முதல் 6302.29 வரை, இல்லாவிட்டால் 6302.31 முதல் 6302.39 வரை. பூ இருக்கிறதே என்று அச்சு என்று எழுதிவிடாதீர்கள். சாயம் தோய்த்த நூலை வைத்து நெய்த கோடு, கட்டம், ஜக்கார்ட் பூ எதுவும் அச்சு அல்ல. எம்பிராய்டரியும் அச்சு அல்ல. நிறம் மாறும் இடத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். அதே நூலில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மாறி மாறி வந்தால் அச்சு. நூல் நெடுக ஒரே நிறம் என்றால் நெசவு. நெய்வதற்கு முன்பே நூலை இடையிடையே கட்டி நிறமேற்றும் இக்கத் வகை இதில் குழப்பும், அதற்கு உற்பத்தி விவரம் கையில் இருக்க வேண்டும்.

பின்னல் என்றால் இந்த வம்பே கிடையாது. ஜெர்சி ஷீட் போன்றவை அச்சோ, இழையோ எதுவானாலும் 6302.10. அதனால்தான் பின்னலா நெசவா என்ற கேள்வி அச்சுக்கு முன்னால் வருகிறது. துணியை இழுத்துப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் ஒன்றுக்குள் ஒன்று கோத்த கண்ணிகள் தெரிந்தால் பின்னல், குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடினால் நெசவு.

அறிகுறி: செட்டாக வந்த சரக்கைப் பிரித்துப் பிரித்துத் தீர்வை கேட்கிறார்கள்

ஒரு பையில் கம்ஃபர்ட்டர் (பஞ்சு திணித்த போர்வை), ஷீட், இரண்டு தலையணை உறை, கட்டில் தொங்கல். 9404, 6302, 6303 என்று மூன்று தலைப்பு. இதை ஒரே கோட்டில் போட முடியுமா? பட்டியலை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் பொது விளக்க விதிகளில் 3(ஆ) அதற்கு வழி விடுகிறது, ஆனால் நிபந்தனைகள் உண்டு. குறைந்தது இரண்டு பொருள்களாவது வெவ்வேறு தலைப்புக்கு உரியவையாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே தேவையை நிறைவேற்ற வேண்டும். மறுபடி கட்டாமல் அப்படியே நுகர்வோர் கையில் கொடுக்கும்படி கட்டியிருக்க வேண்டும்.

நிபந்தனை நிறைவேறினால், செட்டுக்கு அடிப்படைத் தன்மையைக் கொடுப்பது எது என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன பையில் பருமன், எடை, விலை, பங்கு எல்லாவற்றிலும் கம்ஃபர்ட்டர்தான் முன்னால் நிற்கிறது, எனவே முழுப் பையும் 9404 என்று வாதிடலாம். கம்ஃபர்ட்டர் இல்லாமல் ஷீட், உறை, தொங்கல் மட்டும் என்றால் ஷீட் வென்று 6302.

எங்கே உடைகிறது? மாஸ்டர் கார்ட்டனில் பத்து ஷீட், பத்து கம்ஃபர்ட்டர் தனித்தனி உறையில் வந்து, இங்கே வந்த பிறகு சேர்த்துக் கட்டப் போகிறீர்கள் என்றால் அது செட் அல்ல. ஒவ்வொன்றும் அதனதன் கோட்டில் போகும். த்ரோவும் மெழுகுவர்த்தியும் சேர்ந்த பரிசுப் பெட்டிக்கு 'ஒரே தேவை' என்ற வாதம் நிற்பது கஷ்டம். இரண்டு தலையணைகள் ஒரே பையில் வந்தால் அதற்கு இந்த விதியே வேண்டாம், இரண்டுமே ஒரே தலைப்புதானே. கம்ஃபர்ட்டர் வரும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்தப் பொருளைக் கட்ட வழக்கமாகப் பயன்படும் உறை, பொருளோடே சேர்ந்து போகும் என்பது 5-ஆவது விதி. தனியாகப் பையாகவே விற்கக்கூடிய, திரும்பத் திரும்பப் பயன்படும் துணிப்பை என்றால் கேள்வி வரலாம்.

செட் வாதம் தீர்வை விகிதத்தோடு முடிவதில்லை. பொருள்குவிப்புத் தடுப்புத் தீர்வை (அடிமாட்டு விலைக்கு வந்து குவியும் சரக்கின் மீது போடும் கூடுதல் தீர்வை) எந்தக் கோட்டின் மீது இருக்கிறது என்பதும் சேர்ந்தே வரும். 1997-இல் ஐரோப்பியச் சமூகம் எகிப்து, இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்த காட்டன் வகைப் படுக்கை விரிப்புகள் மீது அப்படியொரு தீர்வை போட்டது. இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்காடி, 2001-இல் மேல்முறையீட்டு அமைப்பு அந்தக் கணக்கிட்ட முறை தவறு என்றது. அப்படி ஒரு தீர்வை அமலில் இருக்கும்போது ஷீட்டை வேறு தலைப்புச் செட்டுக்குள் வைத்து அனுப்பினால், சுங்கம் அதைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். செட் என்பதற்கான காகிதம் அங்கே இரண்டு மடங்கு பலமாக இருக்க வேண்டும்.

அறிகுறி: ஷீட் என்று எழுதினோம், வெறும் துணி என்கிறார்கள்

63-ஆம் அத்தியாயம் முடிந்த பொருளுக்கு மட்டும்தான். எது முடிந்த பொருள் என்று 11-ஆம் பிரிவின் 7-ஆவது குறிப்பு சொல்கிறது. சதுரமாகவோ செவ்வகமாகவோ வெட்டியதால் மட்டும் அது முடிந்த பொருளாகாது. ஓரம் மடித்துத் தைத்திருந்தாலோ, முடிச்சுக் குஞ்சம் கட்டியிருந்தாலோ ஆகும். நூல் பிரியாமல் இருக்க வெட்டிய விளிம்பைச் சும்மா சுற்றித் தைத்தது, அதாவது எளிய ஓவர்லாக் மட்டும், போதாது. ஷீட் அளவில் வெட்டி ஓவர்லாக் மட்டும் அடித்து, இங்கே வந்து மடித்துத் தைக்கத் திட்டமிட்டிருந்தால், காட்டன் துணி 52-ஆம் அத்தியாயத்துக்கே போகும் ஆபத்து உண்டு.

போர்வைக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. நீளமான துணியாகவே வந்தாலும், ஊடு நூல் விட்ட இடத்தில் கோடு தெளிவாகத் தெரிந்து, அங்கே வெட்டினாலே தனித்தனிப் போர்வை ஆகிவிடும் என்றால் அது 6301. க்வில்ட் செய்த துணி மீட்டர் கணக்கில் ரோலாக வந்தால் 5811, 9404 அல்ல.

அறிகுறி: வாட்டர்ப்ரூஃப் மெத்தைப் பாதுகாப்பு உறைக்கு யாருக்கும் ஒரே பதில் இல்லை

'மேட்ரஸ் ப்ரொடெக்டர்' என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று பொருள்கள் விற்கின்றன. பஞ்சு வைத்துத் தைத்த மெல்லிய மெத்தை போன்றது 9404.90. திணிப்பில்லாமல் துணியின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி, எலாஸ்டிக் வைத்தது மெத்தை உறை, 6302. இழையைத் தீர்மானிக்கும்போது அந்தப் படலத்தின் எடையைச் சேர்க்காதீர்கள், அது ஜவுளி இழை அல்ல. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி முழுக்கப் பிளாஸ்டிக் பூசி, நடுவில் மட்டும் துணி ஒளிந்திருந்தால் அது ஜவுளியே அல்ல, 39-ஆம் அத்தியாயத்துக்குப் போகும். ஆகவே சரக்குக்கு முன்னால் வெட்டுமுகப் படம் ஒன்றும் அடுக்குகளின் விவரமும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அறிகுறி: கோட்டையே கணினி ஏற்கவில்லை

பழைய பட்டியலை வைத்து எழுதியிருக்கலாம். 2022 ஜனவரி 1-இல் வந்த பதிப்பில் க்வில்ட், திணித்த மேல்விரிப்பு, டூவே ஆகியவற்றுக்கு 9404.40 என்று தனி உட்தலைப்பு பிறந்தது. அதற்கு முன் அவை தலையணையோடு 9404.90-இல் இருந்தன. பழைய இன்வாய்ஸை நகலெடுத்தால் கம்ஃபர்ட்டர் இன்னும் 9404.90 என்றே வரும், கணினியும் அதை ஏற்றுக்கொள்ளும், பிறகு தணிக்கையில் மாட்டும். எண் செல்லாது என்று நிராகரிக்கப்படுவதைவிட இது மோசம். அடுத்த பதிப்பு 2028 ஜனவரி 1-இல் வருகிறது.

இன்னொரு காரணம், சப்ளையர் அனுப்பிய முழு எண்ணையும் அப்படியே போட்டிருப்பது. நாடுகளுக்குப் பொதுவானது முதல் ஆறு இலக்கம் மட்டுமே. அதற்கு மேல் இந்தியாவில் எட்டு, அமெரிக்காவில் பத்து என்று அவரவர் வசதிக்கு நீட்டிக்கொள்கிறார்கள். ஏற்றுமதி நாட்டின் கடைசி இலக்கங்கள் உங்கள் பட்டியலில் வேறு எதையாவது குறிக்கும். ஆறோடு வெட்டிவிட்டு மீதியை உங்கள் நாட்டுப் பட்டியலிலிருந்து எடுங்கள்.

சில்லறைத் தொல்லைகள்

கொசுவலை: சாதாரண பின்னல் வலை 6304.91. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற குறிப்பிட்ட பூச்சிக்கொல்லி ஏற்றிய பாவுப் பின்னல் வலைக்கு 2017 முதல் 6304.20. மருந்தின் பெயர் இன்வாய்ஸில் இல்லாவிட்டால் இந்தக் கோடு கிடைக்காது.

காற்றடைத்த மெத்தை 9404 அல்ல. துணியில் செய்தது 6306.40, பிளாஸ்டிக் 39-ஆம் அத்தியாயம், ரப்பர் 40.

மருத்துவமனைக்கான ஒருமுறை ஷீட்: நான்-ஓவன் துணி என்றால் 6302, காகிதம் என்றால் 4818.

பழைய ஹோட்டல் ஷீட்: தேய்ந்ததற்கான அடையாளம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பேலாகவோ மூட்டையாகவோ மொத்தமாக வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 6309. பழையதையே துவைத்து, மடித்து, ஒவ்வொன்றாகப் பாலிதீன் உறையில் போட்டு அனுப்பினால் 6302-க்குத் திரும்பிவிடும்.

எல்லாம் பார்த்தும் முடிவுக்கு வரவில்லை என்றால்

முதலில் இன்வாய்ஸ் விவரத்தைத் திருத்துங்கள். 'பெட் கவர், 500 எண்ணம்' என்று எழுதினால் அதிகாரி எதை வேண்டுமானாலும் நினைக்கலாம். "நெய்த, அச்சடிக்காத, சாயமிட்ட படுக்கை மேல்விரிப்பு, திணிப்பு இல்லை, காட்டன் 100%, நான்கு ஓரமும் மடித்துத் தைத்தது, இத்தனை ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு கிராம்)" என்று எழுதினால், மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுகூட அவருக்கு மிச்சமிருக்காது.

அடுத்து, மற்ற நாடுகள் இதே பொருளை எங்கே வைத்திருக்கின்றன என்று தேடுங்கள். அமெரிக்கச் சுங்கத்தின் கிராஸ் தரவுத்தளமும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈ.பி.டி.ஐ. தரவுத்தளமும் யாரும் பார்க்கலாம். படுக்கைப் பொருள்கள் பற்றிய முடிவுகள் இரண்டிலும் நிறைய இருக்கின்றன. முடிவை மட்டும் எடுக்காமல் காரணப் பத்தியைப் படியுங்கள், வாதத்துக்கு உதவுவது அதுதான்.

பெரிய அளவில், திரும்பத் திரும்ப வரப்போகும் சரக்கு என்றால் உங்கள் நாட்டுச் சுங்கத்திடம் முன்கூட்டியே முடிவு கேட்டுவிடுங்கள். 2017 பிப்ரவரி 22-இல் அமலுக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம், முன்கூட்டிய முடிவு தருவதை உறுப்பு நாடுகளுக்குக் கடமையாக்கியிருக்கிறது. விண்ணப்பத்தோடு ஒரு முழு மாதிரி, ஓரம் பிரித்துக் காட்டிய இன்னொரு மாதிரி, எடைக் கணக்கோடு லேப் அறிக்கை, சில்லறைப் பையின் படம், நீங்கள் கோரும் கோடு, அதற்கான குறிப்பு எண்கள் ஆகியவற்றை வையுங்கள். முடிவு கையில் வரும்வரை அடுத்த ஆர்டரின் கலப்பையோ தையலையோ மாற்றாதீர்கள். மாதிரியில் உள்ள பொருளுக்குத்தான் அந்த முடிவு செல்லும்.